வீட்டில் வாசிப்பும் குழந்தையின் பேச்சும்: பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

சின்னக் குழந்தைகளுக்குக் கதை வாசிக்கும் அமர்வுகளில் சில வருடங்களாக உதவி செய்து வருகிறேன். அமர்வு முடிந்ததும் பெற்றோர் ஓரமாக வந்து கேட்கும் சந்தேகங்கள் அநேகமாக இவைதான். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

ஆறு மாசக் குழந்தைக்கு என்ன புரியப் போகுது? இப்பவே புத்தகம் எதுக்கு?

கதை புரியாதுதான். ஆனால் உங்கள் குரலும் அதன் ஏற்ற இறக்கமும் அதற்கு நன்றாகப் பழக்கம். 1986இல் அமெரிக்காவில் ஆன்டனி டிகாஸ்பர், மெலனி ஸ்பென்ஸ் இருவரும் ஓர் ஆய்வு செய்தார்கள். கர்ப்பத்தின் கடைசி ஆறு வாரங்களில் தாய்மார்கள் ஒரே கதைப் பகுதியைத் தினமும் சத்தமாக வாசித்தார்கள். பிறந்த பிறகு, அந்தக் குழந்தைகள் மற்றப் பகுதிகளைவிட அதைக் கேட்கவே அதிகம் விரும்பினார்கள். வாயில் வைத்த ரப்பர் காம்பைக் குழந்தை சப்பும் விதத்தை வைத்து இதை அளந்தார்கள்.

ஆறு மாதத்தில் குழந்தை புத்தகத்தைக் கடிக்கும், தட்டும், தலைகீழாகப் பிடிக்கும். செய்யட்டும், கெட்டி அட்டைப் புத்தகமாகக் கொடுங்கள். இந்த வயதில் நடக்கும் பெரிய விஷயம், நீங்களும் குழந்தையும் ஒரே படத்தைப் பார்ப்பதும் நீங்கள் அதற்கு ஒரு பெயர் சொல்வதும்தான். ஒரு வயதை நெருங்கும்போது குழந்தையே விரல் நீட்டத் தொடங்கும். அது வார்த்தை வராத கேள்வி. "நாய்!" என்று நீங்கள் சொன்னால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. பேச்சு அங்கேயே ஆரம்பமாகிவிடுகிறது.

தினம் எவ்வளவு நேரம் படிச்சுக் காட்டணும்?

ஒரு வயதுக்குள் இரண்டு மூன்று நிமிடம் போதும். மூன்று வயதில் பத்துப் பதினைந்து நிமிடம். வாரத்துக்கு ஒரு நாள் ஒரு மணி நேரம் உட்கார்வதைவிட, தினமும் கொஞ்சம் நடப்பது நல்லது. தூங்கப் போகும் முன்னாலோ குளித்து முடித்த பிறகோ, உங்கள் வீட்டில் எந்த வேளை தவறாமல் வருமோ அதோடு சேர்த்துவிடுங்கள்.

இந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு சேரும் என்பதை ஜெசிகா லோகன் குழு 2019இல் கணக்கிட்டுப் பார்த்தது. தினம் ஒரு படப் புத்தகம் கேட்கும் குழந்தை, ஐந்து வயதுக்குள் புத்தகங்கள் வழியாக மட்டும் கிட்டத்தட்ட 3 லட்சம் சொற்களைக் கேட்டிருக்கும். இது மதிப்பீடுதான். ஆனாலும் எனக்கு முக்கியமாகப் படுவது, அவை எப்படிப்பட்ட சொற்கள் என்பது. "வா, போ, எடு, வைக்காதே" என்று ஓடும் வீட்டுப் பேச்சில் 'குகை' எப்போது வரும்? 'பதுங்கியது' எப்போது வரும்? 2015இல் 100 படப் புத்தகங்களைக் குழந்தைகளிடம் பெரியவர்கள் பேசும் பேச்சோடு ஒப்பிட்டார்கள். அளவு ஒன்றாக இருந்தாலும் புத்தகங்களில் வெவ்வேறு சொற்கள் அதிகம் இருந்தன.

ரெண்டு பக்கம் தாண்டறதுக்குள்ள எழுந்து ஓடிடறான். என்ன பண்றது?

விடுங்கள், ஓடட்டும். இரண்டு வயதுக் குழந்தைக்கு இரண்டு பக்கமே ஒரு நல்ல வாசிப்பு. பிடித்து உட்கார வைத்தால் புத்தகம் என்றாலே தண்டனை என்று மனதில் பதிந்துவிடும். ஓடியவன் திரும்பி வரும்போது அவனுக்குப் பிடித்த பக்கத்தைத் திறந்து வைத்திருங்கள். கதையை முதலிலிருந்து கடைசி வரை வரிசையாக முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

வரி வரியா படிச்சுட்டே போனா போதாதா? வேற எப்படிப் படிக்கணும்?

என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம் என்றால் இதைக் கேளுங்கள் என்பேன். 1988இல் குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழு, இரண்டு மூன்று வயதுக் குழந்தைகள் உள்ள குடும்பங்களை இரண்டு பிரிவாகப் பிரித்தது. இரண்டு பிரிவும் ஒரே அளவுக்குத்தான் வாசித்தன. ஒரு பிரிவுப் பெற்றோருக்கு மட்டும் வாசிக்கும் விதத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள்: நேராக வாசித்துக்கொண்டே போவதைக் குறைக்கவும், 'ஆமா', 'இல்ல' என்று ஒரே சொல்லில் முடியாத திறந்த கேள்விகள் கேட்கவும், குழந்தை சொன்னதை நீட்டித் திருப்பிச் சொல்லவும். ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகளின் பேச்சுத்திறன் தெளிவாக முன்னால் போயிருந்தது. ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தபோது இடைவெளி குறைந்திருந்தது, ஆனால் இருந்தது. இதற்கு உரையாடல் வாசிப்பு என்று பெயர்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பக்கம் முழுக்க மழை. நடுவில் குடை பிடித்த பையன், கீழே மூலையில் விரல் நுனி அளவுக்கு ஒரு தவளை. இரண்டரை வயதுப் பெண் அதைத் தொட்டு "தவளை" என்றாள். அம்மா வரியை முடிக்கும் அவசரத்தில் "ஆமா, ஆமா" என்று பக்கத்தைத் திருப்பிவிட்டார். அமர்வு முடிந்ததும் நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசினோம். அடுத்த வாரம் அதே பக்கம், அதே விரல். "தவளையா? என்ன பண்ணுது?" "நனையுது." "ஆமா, தவளை மழையில நனையுது. அதுக்குக் குடை இல்லையே, என்ன செய்யும்?" பதில் இல்லை. அம்மா எதுவும் பேசாமல் காத்திருந்தார். குழந்தை தவளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள்: "தவளைக்கு மழை புடிக்கும்." முதல் வாரம் ஒற்றைச் சொல், அடுத்த வாரம் ஒரு முழு வாக்கியம். அதுவும் புத்தகத்தில் எங்கேயும் இல்லாத வாக்கியம்.

ஆக, கேட்பது, காத்திருப்பது, நீட்டிச் சொல்வது. இதில் காத்திருப்பதுதான் நமக்குக் கஷ்டம். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். சின்னக் குழந்தைக்குச் சொல்லைத் தேடி எடுக்க அவ்வளவு நேரம் வேண்டும். அப்புறம் ஓர் எச்சரிக்கை: பக்கத்துக்குப் பக்கம் "இது என்ன கலர்? எத்தனை இருக்கு?" என்று கேட்டால் அது பரீட்சை. பதில் உங்களுக்கே தெரியாத கேள்வியாக ஒன்றிரண்டு கேளுங்கள்.

ஒரே புத்தகத்தையே திரும்பத் திரும்பக் கேட்கறா. எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு. வேற மாத்தலாமா?

மாற்ற வேண்டாம், அவளாகவே மாற்றுவாள். 2011இல் ஜெசிகா ஹார்ஸ்ட் குழு மூன்று வயதுக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தது. புதிய சொற்கள் காதில் விழுந்த எண்ணிக்கை எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் ஒரே கதையில் அவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்கள் நன்றாகக் கற்றார்கள். வெவ்வேறு கதைகளில் கேட்டவர்கள் அந்த அளவுக்குக் கற்கவில்லை. அடுத்து என்ன வரும் என்பது தெரிந்துவிட்டால், குழந்தையின் கவனம் சொல் மீது போக இடம் கிடைக்கிறது.

உங்களுக்குச் சலித்தால் கேள்வியை மாற்றுங்கள். அல்லது தெரிந்த வரியின் கடைசிச் சொல்லைச் சொல்லாமல் நிறுத்துங்கள். அவள் முடித்து வைப்பாள்.

எங்க வீட்ல புத்தகமே அதிகம் இல்ல. எனக்கும் சரளமா படிக்க வராது. அப்போ எங்க பிள்ளைக்கு?

இதைக் கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறார்கள். அது தேவையே இல்லை. தென்னாப்பிரிக்காவில் கயலிட்ஷா என்ற மிக வறிய குடியிருப்பில், ஒன்றே கால் வயதை ஒட்டிய குழந்தைகளின் பராமரிப்பாளர்களுக்கு எட்டு வாரம் படப் புத்தகத்தை வைத்துப் பேசும் விதத்தைப் பழக்கினார்கள். ஆய்வு 2015இல் வெளிவந்தது. குழந்தைகளின் சொல்வளமும் கூடியது, ஒன்றில் நிலைத்து நிற்கும் கவனமும் கூடியது. எழுத்தை வாசிப்பது அங்கே முக்கியமாக இருக்கவில்லை; படத்தை வைத்துப் பேசுவதே பயிற்சி. எழுத்தே இல்லாத படக்கதைப் புத்தகங்களும் கிடைக்கின்றன. நாலைந்து புத்தகம் இருந்தால் போதும், மேலே சொன்னபடி ஒரே புத்தகம் நெடுநாள் உழைக்கும்.

புத்தகம் கையில் இல்லாத நேரத்துக்கும் வழி உண்டு. நேற்று நடந்ததைச் சேர்ந்து நினைவுகூருங்கள்: "நேத்து கரன்ட் போச்சே, அப்போ நாம என்ன பண்ணோம்? உனக்கு எப்படி இருந்துச்சு?" இப்படிப் பேசப் பழகிய பெற்றோரின் குழந்தைகள் நடந்ததைக் கோவையாகச் சொல்லத் தேறுகிறார்கள் என்று எலைன் ரீஸின் ஆய்வுகள் காட்டுகின்றன. பாட்டும் அப்படித்தான். பிரிட்டனில் பீட்டர் பிரையன்ட் குழு, மூன்று வயதில் குழந்தைப் பாட்டுகள் நன்றாகத் தெரிந்த குழந்தைகள் பிற்பாடு ஒலிகளைப் பிரித்தறிவதிலும் வாசிப்பதிலும் முன்னால் இருந்ததைக் கண்டது. ஒரே ஓசையில் முடியும் இரண்டு சொற்களைக் காது பிடித்துக்கொண்டால், எழுத்து வரும்போது அது கைகொடுக்கும். தாத்தா, பாட்டி, அண்ணன், அக்கா யார் வேண்டுமானாலும் பாடலாம், கதை சொல்லலாம்.

புத்தகத்துல 'வந்துவிட்டான்'னு இருக்கு, நாங்க 'வந்துட்டான்'னு பேசறோம். எதைப் படிக்கறது?

இரண்டையும். முதலில் எழுதியிருப்பதை அப்படியே வாசியுங்கள், பிறகு அதைப் பற்றிப் பேச்சுத் தமிழில் பேசுங்கள். எழுத்துத் தமிழ் நம்மில் யாருக்கும் சமையலறையிலோ விளையாடும் இடத்திலோ காதில் விழுவதில்லை. கதை கேட்காத குழந்தை அதை முதன்முதலில் பள்ளிப் பாடப்புத்தகத்தில்தான் சந்திக்கிறது. அப்போது எழுத்தும் புதிது, வாக்கியமும் புதிது. மூன்று வயதிலிருந்து கதையில் கேட்டுப் பழகிய பிள்ளைக்கு வாக்கியமாவது பழகியிருக்கும்.

ரொம்பச் சின்னக் குழந்தைக்கு வாசிக்கும்போது பேச்சு நடைக்கு மாற்றிச் சொல்வதில் தவறில்லை. மூன்று வயதுக்கு மேல் மெல்ல மெல்ல எழுத்து நடைக்கு வாருங்கள். "ஒரு காட்டில் ஒரு சிங்கம் வாழ்ந்து வந்தது" என்று விளையாட்டுக்கு நடுவே குழந்தை தானாகச் சொல்லிக்கொள்ளும் நாள் வரும். கேட்கும்போது அவ்வளவு நிறைவாக இருக்கும்.

கதை படிச்சுக் காட்டினா எழுத்தும் தானா வந்துடுமா?

பெரும்பாலும் வராது. இதை நிறையப் பேர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கனடாவில் மோனிக் செனெஷால், ஜோ-ஆன் லெஃபெவர் இருவரும் ஐந்து வருடம் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2002இல் எழுதினார்கள். வீட்டில் கதை கேட்பது சொல்வளத்தோடும் கேட்டுப் புரிந்துகொள்வதோடும் சேர்ந்து வளர்ந்தது. எழுத்தறிவு வேறொன்றோடு சேர்ந்து வளர்ந்தது: பெற்றோர் எழுத்துகளைச் சொல்லிக் கொடுப்பதோடு. இரண்டும் இரண்டு பாதைகள். காரணம் எளிது: வாசிக்கும்போது குழந்தை படத்தைத்தான் பார்க்கிறது. கண்ணசைவைப் பதிவு செய்து பார்த்த ஆய்வுகளிலும் எழுத்தின் பக்கம் கண் போவது மிகக் குறைவு என்றே தெரிந்தது.

அதற்காகக் கதை நேரத்தை அரிச்சுவடி நேரமாக்கிவிடாதீர்கள். எப்போதாவது வரியின் மேல் விரலை ஓட்டுங்கள், தலைப்பில் ஓர் எழுத்தைக் காட்டுங்கள், போதும். எழுத்தை நாலு வயதை ஒட்டி, அதன் பெயரிலிருந்தே தொடங்கலாம். மலர் என்று பெயரென்றால் ம, ல, ர். அப்புறம் 'மரம்' என்ற சொல்லில் "இது என்னோட ம!" என்று அவளே கண்டுபிடிப்பாள். 247 என்ற எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று போக மீதி 216 உயிர்மெய். அவற்றில் பெரும்பாலும் அதே குறிகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனாலும் அவை கைக்கு வர ஒன்றிரண்டு வருடம் ஆகத்தான் செய்யும். நாலு வயதில் வரவில்லை என்று கவலைப்பட ஒன்றுமில்லை.

மொபைல்ல கதை வீடியோ போடறேன். நல்ல உச்சரிப்போட சொல்றாங்க. அதுவும் இதே தானே?

இல்லை, குறிப்பாக இரண்டு வயதுக்குள். பாட்ரிசியா குல் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர்கள் 12 அமர்வுகள் நேரில் விளையாடினார்கள், புத்தகம் வாசித்தார்கள். அந்தக் குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டார்கள். அதே ஆட்களின் அதே பேச்சை வீடியோவில் பார்த்த குழந்தைகள் எதையும் கற்கவில்லை. வீடியோ எவ்வளவு நன்றாகப் பேசினாலும், குழந்தை "தவளை" என்றால் அது நின்று திரும்பிப் பார்க்காது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் தந்த அறிவுரை: 2 வயது ஆகும்வரை திரைமுன் உட்கார வைக்க வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். வெளியூரில் இருக்கும் தாத்தா பாட்டியோடு வீடியோ அழைப்பில் பேசுவது வேறு கதை, அங்கே பதில் வருகிறது. போட்டுத்தான் ஆக வேண்டும் என்ற நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள்.

வீட்ல ரெண்டு மொழி பேசறோம். ரெண்டுலயும் படிச்சா குழம்பிடாதா?

குழம்பாது. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. ஒரு மொழியில் மட்டும் சொற்களை எண்ணினால் குறைவாகத் தோன்றும். இரண்டையும் சேர்த்து எண்ணினால் ஒரு மொழிக் குழந்தைக்குச் சமமாக வரும். 1993இல் பார்பரா பியர்சன் குழு இதைக் காட்டியது. ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியும் கலந்தால் திருத்தாதீர்கள், நீங்கள் முழு வாக்கியமாகத் திருப்பிச் சொன்னால் போதும். எந்த மொழியில் உங்களுக்குத் தயங்காமல் பேச வருமோ, கொஞ்ச வருமோ, அதில் வாசியுங்கள். பள்ளிக்காக என்று தட்டுத்தடுமாறி வேறொரு மொழியில் பேசுவதில் குழந்தைக்கு நஷ்டம்தான்.

மூணு கோடி வார்த்தை வித்தியாசம்னு எங்கயோ படிச்சேன். அப்போ நாள் முழுக்கப் பேசிட்டே இருக்கணுமா?

அந்த எண் 1995இல் பெட்டி ஹார்ட், டாட் ரிஸ்லி இருவரின் ஆய்விலிருந்து வந்தது. கான்சாஸில் 42 குடும்பங்களை மாதம் ஒரு மணி நேரம் பதிவு செய்து, வசதியான வீட்டுக் குழந்தைகளும் வறிய வீட்டுக் குழந்தைகளும் நான்கு வயதுக்குள் கேட்கும் சொற்களில் 3 கோடி வித்தியாசம் என்று மதிப்பிட்டார்கள். மிகக் குறைந்த குடும்பங்களை வைத்து நீட்டிப் போட்ட கணக்கு அது. 2019இல் டக்ளஸ் ஸ்பெரி குழு வேறு ஐந்து சமூகங்களைப் பார்த்தபோது அந்த இடைவெளி அப்படி வரவில்லை. ஒரே வருமானம் உள்ள வீடுகளுக்குள்ளேயே ஏகப்பட்ட வித்தியாசம் இருந்தது. அந்த எண்ணைச் சொல்லி ஏழைப் பெற்றோரைக் குறை சொல்வதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

இடைவிடாமல் பேச வேண்டாம். 2018இல் ரேச்சல் ரோமியோ குழு நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்து, கதை கேட்கும்போது மூளை எப்படி இயங்குகிறது என்றும் படம் எடுத்தது. பெரியவர் எத்தனை சொல் பேசினார் என்பதைவிட, பேச்சு எத்தனை முறை கை மாறியது என்பதுதான் மொழிப் பகுதியின் இயக்கத்தோடு சேர்ந்து போனது. நீங்கள் ஒன்று, அவன் ஒன்று. தவளைப் பக்கத்தில் அந்த அம்மா பேசாமல் இருந்த நேரத்தையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படிக்கற குடும்பத்துப் பிள்ளைங்க நல்லாப் பேசறதுக்கு பரம்பரைதான் காரணமா இருந்தா?

நல்ல கேள்வி, ஒரு பங்கு அப்படித்தான். பெற்றோரின் படிப்பு, மரபணு, வருமானம் எல்லாம் பின்னிக் கிடக்கின்றன. 1995இல் அட்ரியானா புஸ் குழு அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, குழந்தைகளுக்கிடையே உள்ள வேறுபாட்டில் சுமார் 8 சதவீதம்தான் வாசித்துக் காட்டுவதோடு தொடர்புடையதாக இருந்தது. வாசித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் எல்லாமே பரம்பரை என்றால், பழக்கத்தை மாற்றிப் பார்க்கும் சோதனைகளில் ஒன்றும் மாறியிருக்கக் கூடாது. வைட்ஹர்ஸ்ட் ஆய்விலும் கயலிட்ஷா ஆய்விலும் யார் பயிற்சி பெறுவது என்பதைக் குலுக்கல் முறையில்தான் தீர்மானித்தார்கள். அப்படியும் மாறியது. மரபணுவில் நாம் கை வைக்க முடியாது, இதில் முடியும்.

தினம் படிச்சுதான் காட்டறோம். ரெண்டு வயசாகியும் பேசல. எங்க தப்பா?

இல்லை. பேச்சுத் தாமதத்துக்கு நீங்கள் வாசிக்காததோ வாசித்ததோ காரணம் இல்லை. ஆனால் காத்திருக்காதீர்கள். ஒரு வயதில் மழலை ஒலிகளோ கைச் சைகைகளோ இல்லை, ஒன்றரை வயதை நெருங்கியும் ஒரு சொல் இல்லை, இரண்டு வயதில் "அப்பா வா" மாதிரி இரண்டு சொல் சேரவில்லை, அல்லது பேசிக்கொண்டிருந்த பேச்சு எந்த வயதிலாவது நின்றுபோனது என்றால், குழந்தை மருத்துவரிடம் காட்டி முதலில் காது கேட்கும் திறனைச் சோதியுங்கள். பிறகு பேச்சுப் பயிற்சியாளர். "ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்று சுற்றி இருப்பவர்கள் சொல்வார்கள். அதைக் கேட்டு ஒரு வருடம் போன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். வாசிப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள். பதிலாகச் சொல் வராவிட்டால் விரல் வரட்டும், பார்வை வரட்டும், அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏழு வயசுல அவனே படிக்கறான். இனிமே நான் படிச்சுக் காட்டறதை நிறுத்திடலாமா?

தொடருங்கள். அவனால் தானாக வாசிக்க முடிவது "அம்மா கடைக்குப் போனாள்". காதால் கேட்டுப் புரிந்துகொள்ள முடிவது அதைவிடப் பல மடங்கு சிக்கலான கதை. இந்த இடைவெளி இன்னும் சில வருடங்கள் இருக்கும். 1986இல் பிலிப் காஃப், வில்லியம் டன்மர் இருவரும் சொன்னபடி, எழுத்தைக் கூட்டிப் படிப்பதையும் மொழியைப் புரிந்துகொள்வதையும் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு. முதலாவதை அவன் இப்போது பழகிக்கொண்டிருக்கிறான். இரண்டாவது உங்கள் குரல் வழியாக இன்னும் வளர வேண்டியிருக்கிறது.

ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் நீங்கள் என்று மாற்றிக்கொள்ளலாம். அவன் ஒரு சொல்லில் திணறினால் உடனே எடுத்துக் கொடுக்காதீர்கள். மேலே சொன்ன அதே ஐந்து எண்ணிக்கை இங்கேயும்.